'கிளர்க்ஸ்' பார்த்த பிறகு மகளுக்கு எழுதியது

அன்பு மகளுக்கு,

நீ பார்க்கச் சொன்ன 'கிளர்க்ஸ்' படத்தைப் பார்த்துவிட்டேன். உன் அம்மா கால் மணி நேரத்திலேயே எழுந்து போய்விட்டாள். பேச்சு அவ்வளவு பச்சை. அமெரிக்காவிலும் வெறும் வசனத்துக்காகவே முதலில் மிகக் கடுமையான சான்றிதழ் கொடுத்து, மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் தளர்த்தினார்களாம்.

விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கப்பட்ட கடைச் சிப்பந்தி டான்டே, இன்று தான் இங்கே இருக்க வேண்டியவனே இல்லை என்று படம் முழுக்கப் புலம்புகிறான். பக்கத்து வீடியோ கடையைக் கவனிக்க வேண்டிய ராண்டலோ அதைப் போட்டுவிட்டு இவனிடம் கதையளக்க வந்துவிடுகிறான். இருவரும் துக்க வீட்டுக்குப் போய்ச் சவப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு வரும் இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் இந்தச் சோம்பேறிகளின் கதையை எடுத்த கெவின் ஸ்மித், நியூ ஜெர்சி மாநிலத்து லியனார்டோவில் அதே கடையில் பகலெல்லாம் கல்லாவில் நின்றுவிட்டு, கடை மூடிய பின் இரவில் அங்கேயே படப்பிடிப்பு நடத்தியவர். வெளியே இருட்டு தெரியாதபடி ஷட்டரை இறக்கியே வைத்து, பூட்டுக்குள் யாரோ சூயிங் கம்மை அடைத்துவிட்டதாகக் கதையிலேயே ஒரு காரணமும் சேர்த்துவிட்டார். கடன் அட்டைகளைத் தேய்த்தும், ஆசையாகச் சேர்த்த காமிக்ஸ் புத்தகங்களை விற்றும் திரட்டிய 27,575 டாலரில், கருப்பு வெள்ளையில் எடுத்த அந்தப் படத்தை 1994 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் மிராமாக்ஸ் நிறுவனம் வாங்கியது.

முதலில் டான்டே கொள்ளையனால் சுடப்பட்டுச் சாவதாக முடித்து, பிறகு அதை வெட்டிவிட்டார்கள். வெட்டியதே சரி என்பது என் எண்ணம். செத்துப்போனவன் மறுநாள் எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லையே. உன்னை யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை, நீயாகத்தான் வந்தாய் என்ற பொருளில் ராண்டல் அவனைக் கடிந்துகொள்ளும் பேச்சு, அவன் உயிரோடிருப்பதால்தான் உறைக்கிறது.

வேலையை விடு என்று சொல்ல இதை எழுதவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நீ சொல்வதையும் நான் நம்பாமல் இல்லை. இரவுப் பணியில் தொலைபேசியில் வந்து கத்துகிறவர்களைப் போல நீ நடித்துக் காட்டும்போதெல்லாம், இவற்றை எங்கேனும் எழுதி வைக்கிறாயா என்று கேட்க நினைப்பேன். எழுதியிருந்தால், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா