லேத்த நிப்பாட்டிட்டு செய்யுத கடைசல்

ஏலே மாப்ள,

உன் லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. மூட்டு ஆபரேஷன் முடிஞ்சு வாக்கர் இல்லாம தெருமுக்கு வரைக்கும் நடந்துட்டன்னு படிச்சதும் மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு, அந்த முக்குல என்ன கடை இருக்குன்னு எனக்கும் தெரியும்லே, வடைய மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோ. மக கல்யாண போட்டோ எல்லாத்தையும் ரெண்டு தடவ பாத்தோம். மருமவன் கழுத்துல கருங்காலி மாலை போட்டுருக்காரே, இப்ப ஊருல எல்லாரும் அதான் போல. அந்தக் கருங்காலி பத்தி ஒரு சங்கதி இருக்கு, பெறவு சொல்லுதேன்.

நான் கடைஞ்ச மெழுகுவத்தி ஸ்டாண்டு, உடம்பெல்லாம் கயிறு திரிச்ச மாதிரி முறுக்கு இருக்குமே, அந்த போட்டோவ பாத்துட்டு “மிஷின்ல மாட்டி சுத்த விட்டா முறுக்கு தானா விழுந்துருமாலே”ன்னு கேட்டிருந்த பாரு, அதுக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு பெரிய லெட்டர். நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன், ரிட்டயர் ஆன கையோட ஒரு செகண்ட் ஹேண்ட் லேத்த (மரத்த சுத்த விட்டு உளியால கடையுற மிஷின்) வாங்கி பின்னாடி ஷெட்ல போட்டு, பாட்டில் மூடி பம்பரம் பேனான்னு கண்டதையும் கடைஞ்சு பழகி, சரி இனி முறுக்குதான்னு உக்காந்த பெறவுதான் தெரிஞ்சுது, அந்த வேலைல முக்காவாசி நேரம் லேத் ஓடவே ஓடாது.

யோசிச்சுப் பாரு, ஓடுற மரத்துல உளிய வச்சா எது வந்தாலும் உருண்டையாத்தான் வரும். உலக்கை, கட்டில் கால், நம்ம அம்பாசமுத்திரத்து சொப்பு எல்லாம் அப்படித்தான். சின்ன வயசுல கடைசல் பட்டறை வாசல்ல நின்னு வாயப் பொளந்து பாப்போமே, ஓடுற மரத்துல அரக்குக் குச்சிய அழுத்துனதும் கலர் உருகி ஏறும், அந்த மாதிரி. முறுக்குக்கு அது ஆகாது, பள்ளம் சுத்திக்கிட்டே மேல ஏறணும், நிமிஷத்துக்கு ஆயிரம் சுத்து சுத்துறது மேல அத எப்படி வெட்டுவ? அதனால மொதல்ல நாப்பத்தஞ்சு மில்லிமீட்டர் சதுரக் கட்டைய மாட்டி ஓட விட்டு 40 மில்லி உருளையா கடையணும், மேலயும் கீழயும் மணி மாதிரி ரெண்டு ரெண்டு வளையம் எடுத்துக்கணும், பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். அவ்வளவுதான், பிளக்க பிடுங்கிரு. அதுக்குப் பெறவு லேத்து வெறும் பிடிமானம், கட்டைய ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு நாம சொல்றப்ப திரும்பிக் குடுக்கும்.

இனி பென்சில் வேலை. லேத்துக்குத் தலைல சுத்தி 24 ஓட்டை இருக்கு, ஒண்ணுல ஊசியச் சொருகுனா கட்டை அசையாம நிக்கும், ஆறு ஓட்டைக்கு ஒரு தடவ நிப்பாட்டி நீளவாக்குல கோடு போட்டா நாலு கோடு. நான் செஞ்சது ரெட்டைப் புரி, கயித்துல ரெண்டு புரி சேத்துத் திரிச்ச மாதிரி இருக்கும். ரெட்டைப் புரிக்கு ஒரு சுத்து முடியுறதுக்குள்ள கட்டை கனத்துல ரெண்டு மடங்கு நீளம் ஏறுனா கண்ணுக்கு நல்லாருக்கும், 40 மில்லி கட்டைன்னா 80 மில்லி. அத நாலாப் பிரிச்சு 20 மில்லிக்கு ஒரு வளையக் கோடு. இப்ப கட்டை முழுக்க கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொரு கட்டத்தையும் மூலைக்கு மூலை சாய்வா இழுத்துக்கிட்டே போனா நாலு சுருள் கோடு வரும், அதுல ஒண்ணு விட்டு ஒண்ணு பள்ளம், மிச்சம் ரெண்டும் மேடு. பள்ளத்துக்கு செவப்புப் பென்சில்னு முடிவு பண்ணி வச்சிருக்கேன், ஏன்னா ஒரு தடவ ரேடியோல பாட்டு கேட்டுக்கிட்டே மேட்டுக் கோட்ட ரம்பத்தால அறுத்துட்டேன், அது அடுப்புக்குப் போச்சு.

ரம்பத்துக்கு பக்கவாட்டுல டேப் ஒட்டிக்கணும், அந்த டேப் மரத்தத் தொட்டா பத்து மில்லி ஆழம், நிப்பாட்டு. ஒரு கையால கட்டைய மெள்ள திருப்பிக்கிட்டே இன்னொரு கையால செவப்புக் கோட்டு மேல அறுக்கணும். அப்புறம் ரெண்டு பக்கத்துல இருந்தும் வெட்டுக் கோட்டப் பாத்து உளியால சரிச்சு சரிச்சு எடுக்கணும், இங்கதான் மரம் தன் குணத்தக் காட்டும். சுருள் போறதால நார் ஒரு பக்கம் நமக்கு வசதியா இருக்கும், எதிர்ப் பக்கம் பிச்சுக்கிட்டு வரும், மேட்டுல இருந்து பள்ளத்துக்கு எறங்குற பக்கமாத்தான் வெட்டணும், மாத்தி வெட்டுனா மேட்டு ஓரத்துல சில்லு பேந்துரும். உளி ஓஞ்சதும் உருட்டு அரம், அதுக்கு மேல துணி ஒட்டுன உப்புத்தாள நாடா மாதிரி கிழிச்சு பள்ளத்துல போட்டு, குளிச்சுட்டு முதுகு தொவட்டுற மாதிரி முன்னும் பின்னும் இழுக்கணும். முரடான 80 நம்பர் தாள்ல ஆரம்பிச்சு 120, 180, 240, நைஸான 320 வரைக்கும். இந்த இழுப்புதான் நாள முழுங்குது, ஒரு குச்சிக்கு மூணு சாயங்காலம். அப்ப லேத்த ஆன் பண்ணிட்டா வேகமா முடியுமேன்னு ஆச வரும், பண்ணிராத, மேடு பள்ளம் மாறி மாறி அடிச்சு நாடாவோட விரலையும் இழுத்துட்டுப் போயிரும்.

மரம் ஆஷ். 2012ல இங்க இங்கிலாந்துல ஒரு பூஞ்சை நோயக் கண்டுபிடிச்சாங்க, அதுல இருந்து ஊரு ஊரா ஆஷ் மரம் காஞ்சு செத்துக்கிட்டு இருக்கு, பக்கத்து வீட்டுல ஒண்ண வெட்டுனப்ப ரெண்டு துண்டு கேட்டு வாங்கிட்டு வந்தேன். அங்குலத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு கணக்கு, ரெண்டு வருஷம் ஷெட்ல கெடந்துச்சு. நேர் நாரு, நல்ல ஒரம், கோடாலிக் காம்பு இதுலதான் போடுவாங்க, ஆனா நார் கொஞ்சம் முரடு. செர்ரி மரத்துல இதே வேலை வெண்ணெய்ல வெட்டுற மாதிரி இருக்கும்.

இப்ப நான் அசிங்கப்பட்ட கதைய சொல்லுதேன், சிரிச்சுக்கோ. ஒண்ணு முடிச்சு, ரெண்டாவதும் முடிச்சு, அடிக்கட்டை மாட்டி, உச்சில 22 மில்லி துளை போட்டு பித்தளைக் கிண்ணம் எறக்கி (வெறும் மரத்துல மெழுகுவத்திய வச்சா என்னைக்காவது ஸ்டாண்டும் சேந்து எரியும்), ஆயில் குடுத்து ஹால்ல கணப்பு மேல ரெண்டு ஓரத்துலயும் வச்சுட்டு வீட்டுக்காரிய கூப்புட்டேன். அவ கைய கட்டிக்கிட்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு “ரெண்டும் ஒரே பக்கம் சாயுதே, பஸ் திரும்புறப்ப நிக்கிற ஆள் மாதிரி”ன்னா. பாத்தா ஆமா. ஜோடின்னா ஒண்ணு வலம்புரி ஒண்ணு இடம்புரியா இருக்கணும், கண்ணாடில பாத்த மாதிரி, அப்பத்தான் நடுவுல இருக்க கடிகாரத்தப் பாத்து ரெண்டும் திரும்பி நிக்கும். நானோ ரெண்டையும் வலம்புரியா கடைஞ்சு வச்சிருக்கேன். இத்தனைக்கும் இடம்புரிக்கு தனிக் கணக்கே கெடையாது, அதே கட்டம்தான், மூலைக்கோட்ட மட்டும் இந்தப் பக்கத்துக்குப் பதிலா அந்தப் பக்கம் இழுக்கணும், ஒரு பென்சில் கோடு! இன்னும் மூணு சாயங்காலம் உக்காந்து மூணாவது ஒண்ணு செஞ்சேன்.

இந்த முறுக்குக்கு இங்க பார்லி ட்விஸ்ட்னு பேரு, பார்லி சுகர்னு சீனிப்பாகு மிட்டாய முறுக்கி விப்பாங்க, அதுல இருந்து வந்துச்சு. 1920, 30கள்ல செஞ்ச ஓக் மேசைக் காலெல்லாம் இந்த முறுக்குதான், பழைய சாமான் கடைல இன்னைக்கும் சீப்பா கெடக்கும், ஆனா அதெல்லாம் ஃபேக்டரி மிஷின் வெட்டுனது, கையால தடவுனா ஒவ்வொரு சுத்தும் ஒரே மாதிரி சப்புன்னு இருக்கும். என்னுதுல எங்க டீ குடிக்கப் போனேன்னு தடவியே சொல்லிரலாம்.

கருங்காலி சங்கதிக்கு வாரேன். போன மாசம் லண்டன்ல விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு, ராஃபேல்னு இத்தாலி ஓவியர் 1515 வாக்குல வரைஞ்ச பெரிய பெரிய படங்களப் பாக்கத்தான் போனேன், அதுல ஒண்ணுல நடக்க முடியாதவன் காலு சரியாகுற காட்சி (உன் மூட்டுதான் ஞாபகம் வந்துச்சு), சுத்தி நிக்குற தூணெல்லாம் முறுக்குத் தூணு. அந்த ஜோர்லயே அவங்க சேத்து வச்சிருக்க பழைய நாற்காலிகள்ல முறுக்கு எது எதுல இருக்குன்னு தேடிப் பாத்தா கருங்காலி நாற்காலி வருது, காலெல்லாம் கடைசல் முறுக்கு, உடம்பெல்லாம் பூ வேலை, எங்க செஞ்சதுன்னு பாத்தா கொரமாண்டல் கோஸ்ட், 1660-80 வாக்குல. சோழமண்டலக் கரைலே! இதுல கூத்து என்னன்னா, 1700கள்ல ஹொரேஸ் வால்போல்னு ஒரு பெரிய மனுசன் இந்த மாதிரி கருங்காலி சாமானத் தேடித் தேடி வாங்கி லண்டன் பக்கத்துல தன் ஸ்ட்ராபெரி ஹில் வீட்டுல வச்சிருந்தாரு, எல்லாம் ட்யூடர் ராஜாக்க காலத்து, அதாவது 1500கள்ல செஞ்ச இங்கிலீஷ் சாமான்னு நெனச்சுக்கிட்டு.

எனக்கு அதுல வேற ஒண்ணுதான் மண்டைல ஓடிக்கிட்டே இருக்கு. ஆஷ் மரத்துக்கே என் உளி ராத்திரிக்கு ரெண்டு தடவ தீட்டச் சொல்லுது. கருங்காலி இரும்புலே, தண்ணில போட்டா முங்கும். கரண்டு கெடையாது, கடையுறப்ப ஒரு ஆளு கயித்தப் பிடிச்சு இழுத்து இழுத்து விட்டிருப்பான். ஆனா அதுக்கப்புறம் அந்தக் கடைசல்காரரும் என்ன மாதிரியே மரத்த நிப்பாட்டிட்டு கோடு போட்டு, அறுத்து, சரிச்சு, தேச்சுத்தான் இருக்கணும், கையால செய்யுறதுக்கு வேற குறுக்கு வழியே இல்லல்ல. அவரு ஆழத்துக்கு அடையாளமா ரம்பத்துல என்னத்த ஒட்டியிருப்பாருன்னு வீட்டுக்கு வர்ற ரயில் பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன்.

சரி, டிசம்பர்ல தம்பி மவன் ஊருக்கு வாரான், அவன்கிட்ட மிச்சம் இருக்க ஒண்ண குடுத்து விடுதேன். வலம்புரின்னு சொல்லிக் குடு, உங்க வீட்டுல சந்தோஷப்படுவாங்க, ஜோடி தப்பிப் போனதுன்னு சொல்லாத. அங்க கெடைக்குற மெழுகுவத்தி ஒல்லியா இருக்கும், கிண்ணத்துல ஆடும், அதுக்குன்னு பேப்பரச் சுத்தி சொருகிராத, ரெண்டு சொட்டு மெழுக உருக்கி ஊத்தி அது மேல நிக்க வை.

உன் பழைய ரூம்மேட்