இரத்தக் கொடை முகாம்களில் இரத்த வகையையும் பதிவு செய்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 37 பேர் ஓ, 32 பேர் பி, 23 பேர் ஏ, எஞ்சிய 8 பேர் ஏபி வகை இரத்தம் உடையவர்கள். ஐரோப்பியரில் நூற்றுக்கு 15 பேர் வரை நெகட்டிவ் வகையினராக இருக்க, இங்கு 5 பேர் அளவிலேயே இருப்பதால், ஓ நெகட்டிவ் இரத்தம் உடையவர் 50 பேரில் ஒருவர் கிடைப்பதே அரிது. அவருக்கோ அதே ஓ நெகட்டிவ் மட்டுமே பொருந்தும்.

என் தங்கைக்குச் சேலத்தில் பிரசவமானபோது இதை நேரில் உணர்ந்தேன். அன்றிரவு ஏற்காட்டிலிருந்து ஒரு ஜீப் ஓட்டுநர், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் மழையில் கடந்து வந்து, நனைந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். அவர் வகை ஓ நெகட்டிவ் என்பது, தோட்டத்து நண்பர் ஒருவருக்குத் தற்செயலாக நினைவிருந்ததால்தான் தெரிய வந்தது.

1952இல் மும்பையில் கண்டறியப்பட்ட 'பாம்பே' வகை இதனினும் அரிது. இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கே உண்டு. சாதாரணப் பரிசோதனையில் இது ஓ என்றே காட்டும். ஆனால் இவர்களுக்கு ஓ இரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தையும் சேர்த்துச் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும்.

சிவப்பணுக்களைச் சாதாரணக் குளிர்பதனத்தில் 42 நாட்களுக்கு மேல் சேமிக்க இயலாது என்பதால், அரிய வகைக் கொடையாளர்களின் பட்டியலே நமக்கு உண்மையான இருப்பு. எனவே ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் முகாம் நடத்துவோர், கொடையாளர்களின் சம்மதத்துடன் வகைவாரியான பட்டியலைத் தயாரித்து, மாவட்ட இரத்த வங்கிகளிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்