சீசன் நேரத்துக் காய்ச்சல்

மேற்கு மாம்பலம்,
சென்னை – 33.
ஐப்பசி 8

அன்புள்ள சந்திரா,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ராஜி மகளுக்கு வரன் அமைந்ததை நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை, பேபி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சண்டையை ஊருக்கு வந்து போட்டுக்கொள்கிறேன்.

இப்போது தலைபோகிற விஷயம் வேறு. எங்கள் கடை முழுக்க ஃப்ளூ. சேலை செக்‌ஷனில் நிற்கிற மாரி (உங்கள் பக்கத்துப் பிள்ளைதான், கடையநல்லூர்) போன வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நடுவில் மயங்கி விழுந்துவிட்டாள். தொட்டுப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. கேட்டால், மூன்று நாளாகவே காய்ச்சலாம். காலையில் ஒரு பாராசிட்டமால், மத்தியானம் ஒன்று, அப்படியே ஓட்டியிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான். தீபாவளி சீசனில் ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும். சனி, ஞாயிறு என்றால் இரண்டு நாள் பிடித்தம். சீசன் முடிந்து கொடுக்கிற ஊக்கத்தொகையும் கிடைக்காது. அவள் அம்மாவும் போனில், ‘இன்னும் பத்து நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுடு தாயி’ என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் சந்திரா, மாத்திரை சூட்டைத்தான் இறக்கும். கிருமி உள்ளேயேதான் இருக்கும். ஃப்ளூ வந்தவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குத் தொற்றும். அதற்கப்புறமும் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றிக்கொண்டே இருக்கும். இவர்களோ கடையில் தோளோடு தோள் நிற்கிறார்கள், இரவில் ஹாஸ்டலில் பாயோடு பாய் ஒட்டிப் படுக்கிறார்கள். ஒருத்தி இருமினால் அறைக்கே வரும். வந்தது. பட்டுப் பிரிவில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள், பில்லிங்கிலும் ஆள் இல்லை. ஒரு பெண்ணின் சம்பளத்தைப் பிடிக்கப் போய் ஒரு தளத்தையே மூட வேண்டிய நிலைமை.

சனிக்கிழமை ராத்திரி கடை அடைத்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். ‘காய்ச்சல்னு ஆளாளுக்கு உக்காந்துட்டா கடைய யாரு பாக்குறதும்மா?’ என்றார். பதிவேட்டை விரித்து, எந்தத் தேதியில் எந்தப் பிரிவில் யார் யார் விழுந்தார்கள் என்று வரிசையாகக் காட்டினேன். முதல் ஆளை முதல் நாளே படுக்க வைத்திருந்தால் இத்தனை பேர் விழுந்திருக்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரிந்தது. அப்புறம் சட்டத்தைச் சொன்னேன். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில், நோய்க்கென்று வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பு இருக்கிறது. தற்செயல் விடுப்பு 12 நாள் அதற்கு மேல் தனி. இது நாம் கொடுக்கிற சலுகை இல்லை, அவர்களுக்குச் சேர வேண்டியது என்றேன்.

‘அதுதான் இஎஸ்ஐ இருக்கே’ என்றார். இருக்கிறது. தொழிலாளர்களுக்கான அந்த அரசுக் காப்பீட்டில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்தில் 91 நாள் வரை கிடைக்கும். நீண்ட நோய்க்கு அது பெரிய துணைதான். ஆனால் முதல் இரண்டு நாளுக்கு அதில் பணம் வராது. ஃப்ளூவில் கட்டாயம் படுத்தே ஆக வேண்டியது அந்த முதல் நாட்கள்தானே! அங்கே கடை கைகொடுக்காவிட்டால் பிள்ளைகள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கத்தான் செய்வார்கள்.

2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்களே, அப்போதும் தெருவில் இதே பேச்சுதான். இன்றைக்கு ஸ்டூல் போட்டிருக்கிறோம், வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. அதையும் அவரிடம் சொன்னேன்.

கடைசியில் மனுஷர் இறங்கி வந்தார். காய்ச்சலுக்குச் சம்பளப் பிடித்தம் கிடையாது. மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வேலைக்கு வரலாம். முதல் மூன்று நாளுக்கு டாக்டர் சர்டிஃபிகேட் கேட்கக் கூடாது என்பதற்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. நிற்கவே முடியாதவளை ஒரு காகிதத்துக்காக கிளினிக் வரிசையில் உட்கார வைத்தால், அங்கே இருக்கிற கர்ப்பிணிக்கும் கிழவிக்கும்தானே கொடுத்துவிட்டு வருவாள்? ஹாஸ்டலில் மாடி அறையைக் காலி செய்து, காய்ச்சல் உள்ளவர்களைத் தனியாகப் படுக்க வைத்திருக்கிறோம். கஞ்சியும் ரசமும் நேரத்துக்குப் போகிறது.

பில்லிங்கில் இருக்கும் செல்விக்கு ஆறாம் மாதம். அவளுக்கு உடம்பு சுட்டதும் காத்திருக்கவே இல்லை, நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு ஓசல்டாமிவிர் என்கிற ஃப்ளூ மாத்திரையை டாக்டர் முடிவு செய்து கொடுப்பார். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அது நன்றாகக் கேட்கும். இப்போது தேறிவிட்டாள்.

நீ மட்டும் ஒழுங்கா? காய்ச்சல் என்றதும் மெடிக்கல் ஷாப்பில் போய்ச் செட் மாத்திரை கட்டிக்கொண்டு வருகிற ஆள்! அதில் பாதி ஆண்டிபயாடிக், அது ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. 2023-ல் எச்3என்2 என்கிற ஃப்ளூ வகை பரவியபோது இந்திய மருத்துவ சங்கமே அப்படிக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. இன்னொன்று, இந்த மழை நாளில் வருவது டெங்குவாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்து தெரிகிற வரை பாராசிட்டமால் மட்டும் போடு. உடம்பு வலிக்கென்று புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் தொடாதே, டெங்கு என்றால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, விட்ட காய்ச்சல் திரும்பக் கடுமையாக வந்தாலோ கசாயம் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதே.

ஊக்கத்தொகைக்கு மட்டும் முதலாளி இன்னும் பிடிகொடுக்கவில்லை. சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு அதை நிறுத்தினால் பிள்ளைகள் மறுபடியும் காய்ச்சலை மறைப்பார்கள். திங்கட்கிழமை ஃப்ளோர் மேனேஜரையும் சேர்த்துக்கொண்டு திரும்பப் போகிறேன். அவர் வரச் சம்மதித்திருக்கிறார்.

எனக்காக நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். மாரியின் அம்மா வியாழக்கிழமை உங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்கு வருவாராம். மகளுக்குச் சம்பளம் போகாது, அவள் படுத்து எழுந்திருக்கட்டும், பஸ்ஸில் ஏற்றி ஊருக்குக் கூப்பிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். நான் போனில் சொன்னால் கடைக்காரி பேசுகிறாள் என்று நினைக்கிறார். டீச்சர் சொன்னால் கேட்பார்.

அப்படியே அத்தைக்கு டாக்டரைக் கேட்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிடு. எழுபது வயது, சர்க்கரை வேறு. வருஷா வருஷம் போட வேண்டிய ஊசி அது, போட்டு இரண்டு வாரம் ஆகும் வேலை செய்ய. கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு முன்னால் போட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
வசந்தா