மேட்டூர் கணக்கில் சராசரி செய்யும் குளறுபடி

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மேட்டூர் அணைக்கு மாதச் சராசரி நீர்வரத்தை மட்டும் வைத்துத் திறப்பு அட்டவணை போட்டிருக்கிறாய். இடிக்கிற இடம் அதுதான். சின்ன எண்களில் பார்.

ஜூன் 12 அன்று இருப்பு 60 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) என்று வை. குறுவைக்கு விடும் ஒவ்வொரு டி.எம்.சி.க்கும் பலன் 1, அதிகபட்சம் 50. சம்பாவுக்கு 80 வேண்டும். அதுவரை ஒவ்வொன்றுக்கும் பலன் 3, மேலே போனால் ஒன்றுமில்லை. இடையில் வரத்து 30 அல்லது 90, பாதிக்குப் பாதி. சராசரி 60 என்று போட்டால் குறுவைக்கு 40 விடலாம், பலன் 280 என்று தாள் சொல்லும். நிஜத்தில் 30 வந்தால் சம்பாவுக்கு 50தான் மிஞ்சும், மொத்தப் பலன் 190. 90 வந்தால் 280. கூடுதலாக வந்த 30 வீண். இரண்டுக்கும் சராசரி 235. பத்தே பத்து விட்டிருந்தால் எப்படி வந்தாலும் 250!

தேக்கி வைக்கும் ஒரு டி.எம்.சி. வறட்சியில்தான் உதவும். அதனால் அதன் மதிப்பு, வறட்சி வாய்ப்பு 0.5 × பலன் 3 = 1.5, இப்போதே திறந்தால் கிடைப்பது 1. வறட்சி வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கினால் தாராளமாக 50-ம் திறக்கலாம்.

இதையே கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி மாதம் மாதமாக நகர்த்துவதுதான் பெல்மன் முறை. இருப்புக்கு 50 படி, வரத்துக்கு 8 வகுப்பு, திறப்புக்கு 30 தேர்வு என்றால் 12 மாதத்துக்கு 1.44 லட்சம் கணக்கு. மடிக்கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் கடைசி மாத இருப்புக்கு மதிப்பே இல்லை என்று விட்டால் நிரல் அணையைத் துடைத்து வைத்துவிடும். திறப்பு விதி மாறாமல் நிற்கும்வரை ஆண்டுச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டு. ஒவ்வொரு மாதமும் முடிவெடுக்கப் பார்க்கும் நிலையில் இருப்போடு போன மாத வரத்தையும் சேர். வறண்ட மாதத்தை வறண்ட மாதம்தான் பெரும்பாலும் தொடரும். அதை விட்டால் நீண்ட வறட்சி கணக்கில் சிறுத்துப் போகும்.

வாய்ப்பு எண்களில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். மேட்டூர் வரத்து மழை மட்டுமல்ல, மேலே கர்நாடகத்தில் உள்ள கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் மதகுகளும்தான். மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் தர வேண்டிய அளவு 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் 192 டி.எம்.சி., 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 177.25. பழைய பட்டியலை ஒரே குவியலாகக் கலக்காதே.

இன்னும் மூன்று அணைகளைச் சேர்க்கும் யோசனையை ஒத்திப்போடு. நான்குக்கும் 50 படி வைத்தால் இருப்பு நிலைகள் மட்டுமே 62.5 லட்சம். பிரேசில் நீர்மின் அணைகளுக்காக பெரைராவும் பின்டோவும் 1991-ல் எழுதிய முறை அங்கேதான் உதவும்: இருப்பைப் படிபடியாகக் கட்டம் போடாமல், தேக்கிய நீரின் மதிப்பைக் காட்டும் வளைவைச் சில நேர்கோடுகளால் தோராயமாகப் பிடிப்பது.

உன் வரத்துப் பட்டியலை 2018-க்கு முன், பின் என்று பிரித்து அனுப்பு.

அன்புடன்,
ரகு