ஆரம்பப் பாடசாலைக்கு இஸ்லாம் பாடம் கற்பிக்கும் மௌலவி ஆசிரியர் ஒருவரைத் தந்துதவக் கோரும் மனு

பெறுநர்:
வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலயக் கல்வி அலுவலகம்,
அம்பாறை மாவட்டம்.

அனுப்புநர்:
தரம் 3 மாணவி ஒருத்தியின் தாய்,
தமிழ், முஸ்லிம் பெற்றோர் சார்பில்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பாடசாலை பதிவேட்டில் தமிழ்ப் பாடசாலை. ஆனால் மதிலுக்கு ஒரு பக்கம் தமிழர் வீடுகள், மறுபக்கம் முஸ்லிம்களின் வீடுகள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் இங்கேதான் அரிவரி படித்து வந்தார்கள். நானும் இங்கே படித்தவள்தான். அன்று என் வாங்கில் பக்கத்தில் இருந்த முஸ்லிம் பிள்ளையின் வீட்டிலிருந்து இன்றைக்கும் எங்களுக்கு நோன்புக் கஞ்சி வருகிறது.

இந்த வருடம் தரம் 1க்கு ஒரு முஸ்லிம் பிள்ளைகூடச் சேரவில்லை. மனது கேட்காமல் நானே வீடு வீடாகப் போய்க் காரணம் கேட்டேன். பாடசாலையைப் பற்றியோ ஆசிரியர்களைப் பற்றியோ எவரும் ஒரு குறை சொல்லவில்லை. எல்லோரும் சொன்னது ஒன்றைத்தான்: "எங்கட பிள்ளைக்கு மார்க்கம் படிப்பிக்க ஆள் இல்லையே."

அவர்கள் சொன்னது உண்மை என்பதை நான் கண்ணால் கண்டேன். மகள் மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கப் போன நேரம், வகுப்பில் சைவநெறிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள். ஐந்து முஸ்லிம் பிள்ளைகள் வெளி விறாந்தையில் சுவரோடு சாய்ந்து இருக்கிறார்கள். மடியில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த இஸ்லாம் பாடப்புத்தகம். அரை வருடம் போயும் அதில் ஒரு தாள்கூட மடங்கவில்லை. ஒரு பையன் அதிலுள்ள படங்களைச் சின்னவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்த என் மகளின் கண் முழுக்க விறாந்தையில்தான் இருந்தது. அவளுடைய சிநேகிதி அந்த ஐவரில் ஒருத்தி.

வகுப்பாசிரியையை நான் குறை சொல்லவில்லை. அவர் ஒருவராக எல்லாப் பாடமும் எடுக்கிறார். தமிழ், கணிதம், சுற்றாடல் போலச் சமயமும் ஆரம்பப் பிரிவில் ஒரு கட்டாயப் பாடம். அவரவர் சமயத்தை அவரவர் படிப்பதே நாட்டின் முறை. அந்தப் பாடம் மட்டும் இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

நோன்பு மாதத்திலும் ஒரு சங்கடம் இருக்கிறது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு அப்போது விடுமுறை. எங்களுடையது தமிழ்ப் பாடசாலை நாட்காட்டியில் நடப்பதால், சஹர் சாப்பாட்டுக்கு விடியுமுன் எழும்பிய பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு தவணைப் பரீட்சை எழுத நேர்கிறது.

மருதமுனையைத் தாண்டினால் பாண்டிருப்பு, சாய்ந்தமருதைத் தாண்டினால் காரைதீவு, அதையடுத்து நிந்தவூர் என்று தமிழூரும் முஸ்லிமூரும் தோளோடு தோள் கிடக்கும் கரை இது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் எந்த ஓர் இனமும் பாதியை எட்டவில்லை. அப்படியிருந்தும் தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பாடசாலைக்கும், முஸ்லிம் பிள்ளை முஸ்லிம் பாடசாலைக்கும், சிங்களப் பிள்ளை சிங்களப் பாடசாலைக்கும் போய்விட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் எங்கே பார்ப்பது? சந்தையிலும் பஸ்ஸிலும் மட்டும்தானே. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையிலும், மட்டக்களப்பில் கத்தோலிக்கர்களின் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தவர். பிற சமயத்தவரோடு கூடிப் படித்ததால் அவருடைய சைவம் குறைந்துபோகவில்லை. எங்கள் பிள்ளைகளின் சமயமும் குறையாது.

நிரந்தர நியமனத்துக்குக் காலம் எடுக்கும் என்பது எங்களுக்கு விளங்குகிறது. அதுவரை பக்கத்து முஸ்லிம் பாடசாலையிலுள்ள மௌலவி ஆசிரியர் ஒருவரைக் கிழமைக்கு இரண்டு நாளாவது இங்கே இணைத்துத் தாருங்கள். சமயபாட நேரத்துக்கு ஓர் அறையை ஒதுக்கலாம். பழைய களஞ்சிய அறையைத் துப்புரவாக்கி வெள்ளையடித்துத் தரப் பெற்றோர் நாங்கள் தயார். நோன்பு மாதத்தில் வரும் தவணைப் பரீட்சையை முன்னே பின்னே நகர்த்த அதிபருக்கு அனுமதி கொடுங்கள். சிங்களம் பேசப் பழக்க ஓர் ஆசிரியர் கிடைத்தால் பெரிய உதவி. அது அடுத்த கட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் வேண்டியது மௌலவி ஆசிரியர்தான்.

அடுத்த வருடத் தரம் 1க்கு விண்ணப்பம் கோருவதற்கு முன் இது நடக்க வேண்டும். அறிவித்தலைக் கோயிலில் ஒட்டுவதுபோல் பள்ளிவாசலிலும் ஒட்ட நாங்களே கொண்டுபோவோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் மகனுடைய பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, "மௌலவி சேர் வந்தா இங்கயே சேக்கிறன்" என்று காத்திருக்கிறார். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதிலைத் தங்களிடம் எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் சார்பில் ஒரு தாய்