வராத சாட்சி

அன்புள்ள மணி,

நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன். அதில் எனக்கொரு சந்தேகம் உண்டு, அதற்குக் கடைசியில் வருகிறேன். ஏழு மாதமாக எழுதவில்லை, திட்டு. ஆனால் நீயும்தான் எழுதவில்லை, பாதித் திட்டை நீயே வாங்கிக்கொள்.

ஒரு கூத்து நடந்துவிட்டதடா. வக்கீல் ஒருவர் விசாரணை அறிக்கை ஒன்றைத் தமிழாக்கக் கொடுத்தார், 40 பக்கம். 31ஆம் பக்கத்தில் சாட்சியைப் பற்றி 'நாட் வெரி ஃபோர்த்கமிங்' என்று ஒரு வரி. ஃபோர்த்கமிங் என்றால் வரப்போகிற என்று மீசை சார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது. ஃபோர்த்கமிங் எலெக்‌ஷன், ஃபோர்த்கமிங் புக். ராத்திரி பன்னிரண்டு மணி வேறு. 'சாட்சி வருவதாகத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் போன். "சார், அவர் வந்து ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த பத்தியில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆவி வந்து குடித்த மாதிரி இருக்கிறது."

ஆள் வந்தார், வாயைத்தான் திறக்கவில்லை! மனிதரைச் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு, கேட்டதை ஒளிக்காமல் சொல்கிறவர் என்று பொருள். 'நாட்' சேர்ந்தால், பிடி கொடுத்துப் பேசாதவர். பணம், உதவி, பதில் என்றால் இன்னொரு முகம்: கேட்டால் கைக்கு வந்து சேர்வது. 'நோ ரிப்ளை வாஸ் ஃபோர்த்கமிங்' என்றால் பதில் வந்தபாடில்லை, அவ்வளவுதான். வரப்போகிற என்ற பொருளில் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும். மற்ற ரெண்டு பொருளிலும் வாக்கியத்தின் வாலில் போய் உட்காரும். இதைக் கவனித்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

அன்றிலிருந்து 'வரப்போகிற' என்று பொருள்படும் மற்றச் சொற்களையும் தேடி அகராதியும் கையுமாகத் திரிகிறேன், வீட்டில் யாரும் பக்கத்தில் வருவதில்லை. அப்கமிங் என்ற சொல்லைக் கண்டாலே அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகையை நடத்திய பெர்னார்ட் கில்கோருக்குப் பற்றிக்கொண்டு வருமாம். இன்னொரு தடவை அது பத்திரிகையில் வந்தால் நான் டவுன்கமிங், யாரோ ஒருவர் அவுட்கோயிங் என்று மிரட்டினாராம், அதாவது நான் இறங்கி வருவேன், ஒருவர் வேலையை விட்டு வெளியே போவார் என்று. எனக்கு அந்தச் சொல்மேல் கோபமில்லை. பாவம், வெறும் 'அடுத்து வருவது', வேறு உள்நோக்கம் கிடையாது.

இம்பெண்டிங் அப்படியில்லை. பெண்டுலத்துக்கும் அதற்கும் ஒரே லத்தீன் வேர்: தொங்குவது. இம்மினென்ட் என்பதற்கு வேர்ப்பொருள், பாறை மாதிரி தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்பது. அதனால்தான் ரெண்டும் பெரும்பாலும் ஆபத்தோடு கைகோத்து வருகின்றன. இம்மினென்ட் என்றால் இதோ, இப்போதே. தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது என்கிறோமே, அதேதான். குட்டையன் தன் கல்யாணத்தை 'மை இம்பெண்டிங் மேரேஜ்' என்று எல்லாருக்கும் எழுதியபோது எப்படிச் சிரித்தோம்! அவன் அன்றைக்கே சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று இப்போது தோன்றுகிறது. (அவன் மனைவியிடம் இதைக் காட்டாதே.)

சரி, அந்தச் சந்தேகத்துக்கு வருகிறேன். உனக்கு ஸ்கேன் எடுத்ததாக உன் தங்கை சொன்னாள். உடனே உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? முக்கால் மணி நேரம் கிரிக்கெட் பேசினாய். டாக்டர் என்ன சொன்னார் என்று ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் விக்கெட் கீப்பரைத் திட்டினாய். நீ போனில் வந்தாய் மணி, பேச்சுதான் வரவில்லை.

அந்த ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பு. மேலே சொன்ன சொற்களில் எது இருந்தாலும் பரவாயில்லை, சேர்ந்து படிப்போம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இல்லை, காலையில், நிதானமாக.

உன்,
சுந்தரம்