கௌரிக்கு, சால்வையை எந்தப் பக்கம் தொடங்குவது என்று

அன்புள்ள கௌரி,

உன் மெயில் வந்ததுமே படித்துவிட்டேன், பதில் போடத்தான் ஒழியவில்லை. அபர்தீனில் குளிர் இன்னும் விட்டபாடில்லை. இவர் ரிட்டையர் ஆனதிலிருந்து சமையலறையைப் பிடித்துக்கொண்டார், சாம்பாரில் உப்பு ஒன்றுதான் தகராறு, மற்றபடி எனக்கு லாபம், பின்னுவதற்கு நேரம் கிடைக்கிறது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?

சரி, சால்வைக்கு வருகிறேன். கழுத்திலிருந்து கீழே இறங்குவதா, ஓரத்திலிருந்து மேலே ஏறுவதா என்று கேட்டிருக்கிறாய். கையில் இருப்பது ஒரே ஒரு நூறு கிராம் கண்டு, அந்தச் சாயம் கடையில் தீர்ந்துவிட்டது என்கிறாய். அப்படியானால் கழுத்திலிருந்தே இறங்கு. நூல் தீரும் இடத்தில் சால்வையும் முடியும், கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் சால்வைதான். ஆனால் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள். உன்னுடையது முக்கோணச் சால்வை, கீழே போகப் போக வரிசை நீண்டுகொண்டே போகும், அதனால் வரிசைகளில் எழுபது சதவீதம் முடிந்திருக்கும்போது நூலில் பாதிதான் செலவாகியிருக்கும். கண்டு இன்னும் கொழுகொழுவென்று இருக்கிறதே என்று நம்பி ஏமாறாதே.

கீழிருந்து ஏறினால் இதே கணக்கு தலைகீழ். முதல் முப்பது சதவீத வரிசைகளே பாதி நூலைத் தின்றுவிடும். நூல் காணுமா காணாதா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும், வாஸ்தவம்தான், ஆனால் காணாது என்று தெரிந்த பிறகு பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ஊசியில் முந்நூற்றுச் சொச்சம் கண்ணி, அதாவது நூல் வளையம், போட்டு எண்ணித் தொடங்கியதைப் பிரிக்க யாருக்கு மனசு வரும்?

அடுத்தது, உன் இலை டிசைன். அது கீழிருந்து மேலே போகிற சால்வைக்குப் போட்ட சார்ட் என்கிறாய், அதைத் தலைகீழாகப் பிடித்துப் பின்னினால் என்ன என்றும் கேட்கிறாய். வராதுடி. இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாக்குவதால்தான் அந்த இலை குவிகிறது. அதைக் கவிழ்த்தால் ஒரு கண்ணி இரண்டாகப் பிரிய வேண்டும், ஊசியில் அதே அழகோடு அப்படிப் பிரிக்க முடியாது. ஓட்டைகள் இருக்கும் இடத்தில் இருக்கும், கண்ணிகள் சாயும் விதம் மாறிப்போகும். போகும்போதும் வரும்போதும் நிட் என்கிற சாதாரணப் பின்னல் மட்டும் போடுகிற கார்ட்டர் பின்னலில் நடுநடுவே ஓட்டை வைக்கிற டிசைன் என்றால் இந்தத் தொல்லையே இல்லை, கார்ட்டருக்குத் தலையும் காலும் ஒன்றுதான்.

போன கோடையில் ராத்திரிக் கப்பலேறி ஷெட்லாந்துத் தீவில் இருக்கும் லெர்விக் போனோம் என்று எழுதினேனே, அங்கே மியூசியத்தில் ஷெட்லாந்துக்காரர்களின் பழைய சால்வைகளை நின்று நின்று பார்த்தேன். மோதிரத்துக்குள் நுழைத்து எடுக்கலாம் என்பார்களே, அந்த மெல்லிய ரகம். அந்தக் காலத்துப் பெண்கள் முதலில் வெளி ஓரத்தை நீளமான ரிப்பனாகப் பின்னி, அதன் உள்விளிம்பில் கண்ணி எடுத்து, நாலு பக்கக் கரையையும் குறைத்துக் குறைத்து உள்ளே வந்து, நடுச் சதுரத்தைக் கடைசியில் போடுவார்கள். தினசரி உடுத்துகிற தடித்த ‘ஹாப்’ சால்வைகளை நடுவில் தொடங்கி வெளியே போவதும் உண்டு. உள்ளே வந்தாலும் சரி, வெளியே போனாலும் சரி, ஓரம் மட்டும் குறுக்கே பின்னிய துண்டு. அதனால்தான் நனைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது அது விட்டுக்கொடுக்கிறது. நாம் கீழே வந்து சாதாரணமாகக் கண்ணி அடைத்தால், அதாவது கண்ணிகளை ஒன்றுக்குள் ஒன்று மாட்டிப் பூட்டி முடித்தால், விளிம்பு கயிறு மாதிரி விறைத்து நிற்கும், எவ்வளவு குண்டூசி குத்தி இழுத்தாலும் அலை அலையாக வராது. எனக்கு அதைப் பார்த்ததிலிருந்து திசையைவிட ஓரம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆகவே நீ செய்ய வேண்டியது: கழுத்தில் தொடங்கு, உடம்பு முழுக்க கார்ட்டரும் எளிய ஓட்டைகளும், இலையை வேறொரு ஸ்டோலுக்கு வைத்துக்கொள். கண்ணி அடைக்காமல், பத்துக் கண்ணி அகலத்தில் ஒரு குறுக்கு ஓரம் பின்னிக்கொண்டே ஊசியில் இருக்கும் கண்ணிகளை இரண்டு வரிசைக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு போ. அதாவது ஒரு கண்ணியைத் தீர்க்க இருபது கண்ணி. அந்த ஓரம் மட்டும் கடைசி வரிசை மாதிரி இருபது வரிசைக்கான நூலைக் கேட்கும். சமையலறைத் தராசில் ஒரு நீள வரிசைக்கு முன்னும் பின்னும் கண்டை நிறுத்துப் பார், ஒரு வரிசைக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் நாலு வரிசைக்கு ஒருமுறை பார். அந்த இருபதுக்கு மேலே இன்னும் ரெண்டு மூன்று வரிசைக்கு நூல் மிச்சம் இருக்கும்போது உடம்பை நிறுத்திவிடு.

இதெல்லாம் பேசி முடிவு பண்ண ஒரு போன் போதும், ஆனால் உனக்கும் எனக்கும் நேரம் ஒத்துவர மாட்டேன் என்கிறதே. உங்கள் டொரொண்டோ காலை பத்து மணி எனக்கு மத்தியானம் மூன்று, சனிக்கிழமை சும்மாத்தான் இருப்பேன், கூப்பிடு. நூலின் போட்டோவும் அனுப்பு, வெளிச்சத்தில் எடு, போன தடவை அனுப்பியதில் கறுப்பா நீலமா என்றே தெரியவில்லை.

அன்புடன்,
வனஜா